கருவி காட்டும் எண்



பிறந்த மண்ணை விட்டு வந்து, பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நம் இல்லங்களில் இக்காலத்தில் ஒரு புதுமையைக் காண்கிறோம். முன்பெல்லாம் பிள்ளைகளின் மேசைமேல் புத்தகமும் எழுதுகோலும் மட்டுமே இருக்கும். இன்று அவற்றின் நடுவே பச்சை நிறப் பலகையொன்றும், சிவப்பும் கறுப்புமாகச் சில கம்பிகளும், விரல் நகத்தளவே உள்ள ஒரு சில்லும் கிடக்கின்றன. "இது என்னடா?" என்று தாய் கேட்டால், "ப்ராஜெக்ட், அம்மா" என்று விடை வருகிறது. அந்தச் சில்லைக் கொண்டு ஒரு கருவியை வகுப்பது எங்ஙனம், அது பிழைபட்டால் பழுதைக் கண்டறிவது எங்ஙனம் என்பதைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். பொதுப்பட உரைப்பதைவிட, நான் வாழும் கொல்கத்தா நகரில் என் கண்முன் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு சொல்வது பயனுடையதாகும் எனக் கருதுகிறேன்.

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள லேக் மார்க்கெட்டை நம்மவர் பலரும் அறிவர். வாழையிலையும் முருங்கைக்காயும் காப்பித்தூளும் தேடி வரும் தென்னாட்டாரை அங்கே நாள்தோறும் காணலாம். அதற்கு அருகிலுள்ள ஒரு தெருவில் எங்கள் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் ஒரு சிறு மருந்துக்கடை இருக்கிறது. கடைக்காரர் வங்காளி, நல்ல மனிதர். அவருடைய குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலினும், கண்ணுக்கு இடும் சில சொட்டு மருந்துகளும், தடுப்பூசி மருந்துகளும் இருக்கும். இவற்றைப் பெரும்பாலும் 2 டிகிரிக்குக் குறையாமலும் 8 டிகிரிக்கு மேற்படாமலும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வெப்பம் மிகுந்தால் மருந்தின் வீரியம் குன்றும். உறைந்து போனாலும் இன்சுலின் கெடும். கெட்ட மருந்து பல வேளைகளில் பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கும். இதுவே இதிலுள்ள பேராபத்து.

எங்கள் மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையொருவன் பொறியியற் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் அடிக்கடி பெட்டியைத் திறந்து பார்ப்பதைக் கண்டு, "பெட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் வெப்பநிலையை வெளியே பெரிய எழுத்தில் காட்டும் கருவி செய்து தருகிறேன்" என்று வாக்களித்தான். சாந்தினி சௌக் அங்காடிக்குச் சென்றான். கொல்கத்தாவில் மின்னணுப் பொருள் தேடுவோர்க்கு அது ஒரு கடல். அங்கே சில்லும், பலகையும், ஒளியெழுத்துப் பலகையும், மின் இணைப்புக் கம்பியும் வாங்கி வந்து, மூன்று வாரத்தில் கருவியை முடித்தான். கடையின் முகப்பில் சிவந்த எழுத்துகளில் 7 என்றும் 7.4 என்றும் எண் ஒளிர்ந்தபோது கடைக்காரருக்கு மிக்க மகிழ்ச்சி. தெருவாரும் பாராட்டினர். அக்கருவி எட்டு நாள் வேலை செய்தது. எட்டு நாளும் பொய் சொன்னது.

அந்தப் பொய் எவ்வாறு பிறந்தது என்பதை உணர, முதலில் அச்சில்லின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும்.

இயற்கையிலுள்ள அளவுகள் யாவும் ஒழுகும் நீரைப் போன்றவை. வெப்பநிலை 7 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குத் தாவுவதில்லை. இடையிலுள்ள எல்லா நிலைகளையும் கடந்தே செல்கிறது. இத்தகைய அளவைத் தொடர்நிலைக் குறிகை என்போம். கணிப்பொறியோ எண்களையே அறியும். அதற்கு எல்லாம் படிக்கட்டு. ஒரு படி, அதற்கு அடுத்த படி, அவ்வளவே. அதனை இலக்கக் குறிகை என்போம். இவ்விரண்டும் இரு வேறு உலகங்கள்.

இந்த இரண்டு உலகங்களும் நம் நாட்டில் முதன்முதலாக அருகருகே நின்ற இடங்களுள் கொல்கத்தாவும் ஒன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பேராசிரியர் மகலநோபிஸ் 1931-ஆம் ஆண்டில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிலையத்தில், 1953-ஆம் ஆண்டில் சமரேந்திர குமார் மித்ராவும் அவருடன் உழைத்தவர்களும் தொடர்நிலைக் கணிப்பொறி ஒன்றைத் தாமே கட்டி முடித்தனர். பத்து அறியா எண்களையுடைய சமன்பாடுகளை அது மின்னோட்டத்தின் அளவுகளைக் கொண்டே தீர்த்துக் காட்டிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே பிரிட்டனிலிருந்து எச்.ஈ.சி. 2எம் என்னும் இலக்கக் கணிப்பொறி அதே நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. வெற்றிடக் குழாய்களும், எண்களைச் சேமிக்கும் சுழல் காந்த உருளையும் கொண்ட பெரும் பொறி அது. பின்னர் 1966-இல், இந்நிலையமும் யாதவப்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு தாமே ஓர் இலக்கக் கணிப்பொறியை உருவாக்கி இயக்கின.

அன்று தனித்தனிப் பொறிகளாக நின்ற அவ்விரு வகைகளும் இன்று விரல் நகத்தளவான ஒரே சில்லில் அடங்கிவிட்டன. அளவை வாங்கும் பகுதி, அதைப் பெருக்கும் பகுதி, எண்ணாக மாற்றும் பகுதி, எண்ணைக் கொண்டு முடிவெடுக்கும் பகுதி ஆகிய அனைத்தும் அதனுள் இருக்கின்றன. அன்றியும், இப்பகுதிகளை எவ்வாறு இணைப்பது என்பதையே நாம் நிரலாக எழுதி மாற்றிக்கொள்ளலாம். சைப்ரஸ் செமிகண்டக்டர் என்னும் அமெரிக்க நிறுவனம் 2002-ஆம் ஆண்டு வாக்கில் பி.எஸ்.ஓ.சி. என்ற பெயரில் இவ்வகைச் சில்லுகளை வெளியிட்டது. அந்நிறுவனத்தை 2020-இல் ஜெர்மனியின் இன்பினியான் நிறுவனம் வாங்கிற்று. வேறு நிறுவனங்களும் இவ்வினச் சில்லுகளைச் செய்கின்றன. ஒரு கருவியின் உறுப்புகளை மாற்ற வேண்டுமானால் முன்பு பற்றவைக்கும் கோலை எடுக்க வேண்டும். இச்சில்லிலோ கணினித் திரையில் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும்.

வசதி பெரிதுதான். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இரு நாடுகளின் எல்லையிலேதான் வழக்குகள் மிகுதியாகத் தோன்றும். அதுபோலவே, தொடர்நிலை உலகமும் இலக்க உலகமும் சந்திக்கும் எல்லையிலேதான் இக்கருவிகளின் பழுதுகளிற் பெரும்பாலானவை பிறக்கின்றன. நிரல் எழுதுபவன் எண்ணை நம்புகிறான். மின்சுற்று வகுப்பவன் மின்னழுத்தத்தை நம்புகிறான். மின்னழுத்தம் எண்ணாகும் அந்தக் கணத்தை எவரும் கவனிப்பதில்லை.

இனி, நம் பிள்ளை செய்த கருவிக்கு வருவோம்.

அதன் உணர்வுறுப்பு ஒரு தெர்மிஸ்டர். குளிர்ச்சி கூடக் கூட அதன் மின்தடை கூடும். 25 டிகிரியில் 10,000 ஓம் உள்ள அது, 10 டிகிரியில் ஏறத்தாழ 20,000 ஓம் ஆகும். 2 டிகிரியில் 30,000 ஓமைத் தொடும். இதனோடு 4,700 ஓம் உடைய நிலையான மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, இரண்டின் குறுக்கே 5 வோல்ட்டைக் கொடுத்தால், நடுவில் தோன்றும் மின்னழுத்தம் வெப்பநிலையைச் சொல்லும். ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ 33 மில்லிவோல்ட் கூடும். சில்லினுள் இருக்கும் மாற்றி, தன்னிடமுள்ள நிலையான ஒரு மின்னழுத்தத்தை அளவுகோலாகக் கொண்டு, 2.048 வோல்ட் வரையுள்ள அளவை 4,096 படிகளாகப் பகுத்து எண்ணுகிறது. ஒரு படி அரை மில்லிவோல்ட். ஆகவே ஒரு டிகிரிக்கு 66 படிகள் கிடைக்கின்றன. கணக்கு மிக நேர்த்தியானது. பிள்ளை மேசைமேல் வைத்துச் சோதித்தபோது பனிக்கட்டி நீரில் 0 காட்டிற்று. அறையில் அறை வெப்பத்தைக் காட்டிற்று. குறை கூற ஒன்றுமில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் கடைக்காரருடைய பழைய கம்பவுண்டர் வந்தார். எழுபதைக் கடந்தவர். புதுக் கருவியைக் கண்டு வியந்தார்; ஆனால் நம்பவில்லை. தம் பையிலிருந்த கண்ணாடி வெப்பமானியை ஒரு குவளை நீரில் இட்டு, பெட்டிக்குள் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார். அது 10 டிகிரி காட்டிற்று. வெளியே சிவந்த எழுத்துகள் 7.4 என்று ஒளிர்ந்துகொண்டிருந்தன. பெட்டியின் கதவிலிருந்த ரப்பர் பட்டை தேய்ந்து, ஆடி ஆவணி மாதத்துப் புழுக்கமெல்லாம் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. கருவி இல்லாதிருந்தால் கடைக்காரர் கதவைத் திறந்து கைவைத்துப் பார்த்தேனும் ஐயுற்றிருப்பார். கருவி இருந்தமையால் அவர் கவலையற்றிருந்தார்.

பிள்ளை செய்தி கேட்டு மனம் உடைந்து போனான். அன்றிரவே நிரலைத் திறந்து நான்கு இடங்களில் மாற்றினான். தெர்மிஸ்டரை மாற்றினான். இறுதியாக, காட்டும் எண்ணோடு 2.6 கூட்டிவிடுமாறு ஒரு வரி சேர்த்தான். பிறகு என்னிடம் வந்து, "மாமா, இப்போது சரியாகக் காட்டுகிறது" என்றான்.

"தம்பி, ஏன் தவறாகக் காட்டிற்று என்று தெரிந்ததா?" என்று கேட்டேன்.

"அது தெரியவில்லை, மாமா" என்றான்.

"அப்படியாயின் இன்னும் சரியாகவில்லை" என்றேன்.

அளவைக் கருவிகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் அவனுக்கு ஒரு வரலாறு சொன்னேன். அது இந்நகரத்திலேயே நடந்தது. அதில் ஈடுபட்டோர் நம்மவர்.

சர் சி. வி. இராமன் 1907-ஆம் ஆண்டில் அரசாங்கக் கணக்குத் துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். அங்கே 1923-இல் அவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், நீர் முதலிய திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, சிதறிய ஒளியில் மங்கலான வேறொரு நிறம் கலந்திருப்பதைக் கண்டார். திரவத்தில் அழுக்கு இருக்கலாம் என்பது இயல்பான ஐயம். அழுக்கென்று சொல்லி அதை ஒதுக்கிவிடவில்லை. திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மை செய்து பார்த்தார்கள். அழுக்கு அதன் காரணமாயின், தூய்மை கூடக் கூட அது குறைய வேண்டும். குறையவில்லை. பின்னர் கே. எஸ். கிருஷ்ணன் பல திரவங்களைத் தூய்மை செய்து ஆராய்ந்தார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அது புதியதோர் ஒளி விளைவென்று துணியப்பட்டது. 1930-இல் இராமனுக்கு நோபெல் பரிசு வந்தது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? ஒரு பொருளின்மேல் ஐயம் எழுந்தால் அதை நீக்கிப் பார்க்க வேண்டும். விளைவு நீங்கினால் அதுவே காரணம். நீங்காவிட்டால் அது குற்றமற்றது. புதியதைக் கண்டுபிடிப்பதற்கும் பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் நெறி ஒன்றே. நான்கு பொருள்களை ஒரே நேரத்தில் மாற்றியவன், கருவி திருந்தினாலும் யாதொன்றும் கற்றவனாகான். இன்று தற்செயலாகத் திருந்தியது, நாளை தற்செயலாகவே கெடும்.

பிள்ளை மாற்றியவற்றையெல்லாம் பழைய நிலைக்கே கொணர்ந்தான். இருவரும் கடையடைத்த பின் கருவியின் அருகே அமர்ந்தோம். அவன் கையில் ஒரு குறிப்பேடு. என் கையில் ஒரு மின்னளவுமானி. கருவியை எடுத்து மேலே கொண்டு போகலாம் என்றான். கூடாது என்றேன். நோயாளி படுத்திருக்கும் இடத்திலேயே மருத்துவன் நாடி பார்க்க வேண்டும்.

முதலில் கருவியை மனத்தால் இரண்டு கூறாக்கினோம். உணர்வுறுப்பு ஒரு கூறு. அதற்கு அப்பாலுள்ள சில்லும் நிரலும் மற்றொரு கூறு. தெர்மிஸ்டரைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் 20,000 ஓம் உள்ள சாதாரண மின்தடையை இணைத்தோம். அதற்குக் குளிரும் தெரியாது, வெப்பமும் தெரியாது. கருவி 10.2 என்று காட்ட வேண்டும். காட்டியதோ 7.6. ஆகவே தெர்மிஸ்டர் குற்றமற்றது எனத் தெளிந்தோம். ஐந்து நிமிடத்தில் பாதிக் கருவி ஐயத்திலிருந்து விடுபட்டது.

அடுத்து, மேசைமேல் சரியாக இருந்தது கடைக்கு வந்ததும் தவறானமையால், இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாடுகளை ஏட்டில் எழுதினோம். மேசைமேல் கருவிக்கு மின்சாரம் கணினியிலிருந்து ஒரு சாண் கம்பி வழியாக வந்தது. கடையில், சுவரிலிருந்த அடாப்டரிலிருந்து ஆறடிக்கு மேற்பட்ட மெல்லிய கம்பி வழியாக வந்தது. மேசைமேல் எண் கணினித் திரையில் தோன்றிற்று. கடையில் பெரிய ஒளியெழுத்துப் பலகையில் தோன்றிற்று. நான் ஒளிப்பலகையின் இணைப்பை மட்டும் பிடுங்கச் சொன்னேன். பலகை அணைந்தது. கணினியை இணைத்து எண்ணைப் படித்தான். 10.2.

பிள்ளையின் முகத்தில் தோன்றிய ஒளியை நான் என்றும் மறவேன்.

மீண்டும் ஒளிப்பலகையை இணைத்து, சில்லின் கால்களிலேயே மின்னளவுமானியை வைத்தோம். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நாலரை வோல்ட்டே இருந்தது. ஒளிப்பலகை அரை ஆம்பியர் மின்னோட்டம் உண்கிறது. கம்பியோ மெல்லியது, போகும் வழியும் வரும் வழியும் சேர்ந்து ஏறத்தாழ ஓர் ஓம் தடை அதற்கு இருந்தது. அரை ஆம்பியரை ஓர் ஓமால் பெருக்கினால் அரை வோல்ட். அந்த அரை வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிட்டது.

நாலரை வோல்ட்டிலும் சில்லு தளராமல் வேலை செய்யும். ஆகவே அது முறையிடவில்லை. ஆனால் தெர்மிஸ்டருக்குக் கிடைத்த மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. நடுவில் தோன்றும் அளவும் அவ்வாறே குறைந்தது. அளவுகோலோ சில்லினுள் இருக்கும் நிலையான மின்னழுத்தம்; அது குறையவில்லை. துணி சுருங்கிற்று, முழக்கோல் சுருங்கவில்லை. எனவே 10 டிகிரியிலுள்ள மருந்து 7.4 டிகிரியில் இருப்பதாகக் கணக்குச் சொல்லிற்று. நிரலில் ஒரு பிழையும் இல்லை. மின்சுற்றிலும் ஒரு முறிவும் இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையிலேயே குற்றம் இருந்தது.

2.6 கூட்டிக் காட்டும் வரியை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். பிள்ளை சிறிது சிந்தித்து, "யாராவது தடித்த கம்பி மாற்றினால், அன்று முதல் உள்ளதைவிட 2.6 டிகிரி கூடுதலாகக் காட்டும், மாமா. கடைக்காரர் குளிரை இன்னும் கூட்டுவார். இன்சுலின் உறைந்து போகும்" என்றான். காரணம் அறியாமல் செய்யும் திருத்தம், பழுதை மறைத்து வைக்கும் போர்வையே அன்றி வேறன்று.

பின்பு கருவியைத் திருத்தினோம். இவ்வகைச் சில்லின் சிறப்பு இங்கே வெளிப்பட்டது. எந்த மின்னழுத்தத்தை அளவுகோலாகக் கொள்வது என்பதும் நிரலால் மாற்றத்தக்கது. தெர்மிஸ்டருக்குச் செல்லும் அதே மின்னழுத்தத்தையே மாற்றிக்கும் அளவுகோலாக வைத்தோம். இனி மின்னழுத்தம் குறைந்தால் துணியும் சுருங்கும், முழக்கோலும் அதே அளவு சுருங்கும். கிடைக்கும் எண் மாறாது. படி சற்றுப் பெரிதாகி, ஒரு டிகிரிக்கு 66 படிகள் இருந்த இடத்தில் 27 படிகளே கிடைத்தன. மருந்துப் பெட்டிக்கு அதுவே மிகுதி. நுட்பத்தைச் சிறிது கொடுத்து நம்பிக்கையைப் பெற்றோம். இது நல்ல வாணிகம்.

அதனோடு நிற்கவில்லை. மெல்லிய கம்பியை நீக்கித் தடித்த கம்பி இட்டோம். ஒளிப்பலகைக்குச் செல்லும் மின்வழியைச் சில்லின் வழியிலிருந்து பிரித்து, இரண்டையும் அடாப்டரின் வாயிலேயே இணைத்தோம். நிலையான 2.5 வோல்ட் தரும் சிறு உறுப்பொன்றை வாங்கி இரண்டாம் உள்வாயிலில் சேர்த்தோம். 5 வோல்ட் உள்ளபோது அதற்குரிய எண் 2,048. மின்னழுத்தம் நாலரையாகக் குறைந்தால் அது 2,276 ஆக ஏறும். எண் அளவு கடந்து ஏறினால் கருவி வெப்பநிலையைக் காட்டாமல் வெறுங்கோடுகளைக் காட்டுமாறு நிரல் எழுதினான் பிள்ளை. ஐயமுள்ளபோது மௌனம் காப்பது மனிதர்க்கு மட்டுமன்று, கருவிக்கும் அழகு.

வேறு இரு சிறு பழுதுகளும் அப்போது வெளிப்பட்டன. எண்ணின் கடைசி இலக்கம் ஓயாது துடித்துக்கொண்டிருந்தது. சுவரிலுள்ள மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அதன் சாயல் நீண்ட கம்பிகளில் படியும். ஓர் அலைவுக்கு 20 மில்லிநொடி. ஆதலால் அந்த 20 மில்லிநொடி முழுவதும் சம இடைவெளியில் பலமுறை அளந்து சராசரி எடுத்தால், அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அவ்வாறே செய்தோம்; துடிப்பு அடங்கிற்று. மற்றொன்று, சில வேளைகளில் கருவி தானே அணைந்து மீண்டும் தொடங்கிற்று. நேரத்தைக் குறித்து வைத்துப் பார்த்ததில், குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் இயங்கத் தொடங்கும் கணத்திலேயே அது நிகழ்வது தெரிந்தது. இரண்டும் ஒரே பிளக்கில் இருந்தன. வேறு பிளக்குக்கு மாற்றி, சில்லின் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றையும், மின்சாரம் பலகைக்குள் நுழையும் இடத்தில் பெரிய மின்தேக்கி ஒன்றையும் வைத்தபின் அத்தொல்லை நீங்கிற்று. சிறிய மின்தேக்கியைச் சில்லிலிருந்து தொலைவில் வைப்பது, தாகமெடுத்தவனுக்குப் பக்கத்துத் தெருவில் தண்ணீர்ப் பானை வைப்பதைப் போன்றது.

இறுதியில் கருவியை அதன் இடத்திலேயே, ஒளிப்பலகையின் எல்லா எழுத்துகளும் முழுமையாக ஒளிர, கம்ப்ரசர் ஓட, நொறுக்கிய பனிக்கட்டி கலந்த நீரில் உணர்வுறுப்பை வைத்துச் சோதித்தோம். எழுத்துகள் 0 காட்டின. பிறகு உணர்வுறுப்பைக் கிளிசரின் நிறைந்த சிறு புட்டியில் அமிழ்த்தி மருந்துகளின் நடுவே வைத்தோம். கதவைத் திறந்தவுடன் காற்றின் வெப்பம் ஏறும். மருந்தின் வெப்பம் அவ்வளவு விரைவில் ஏறாது. நமக்கு வேண்டுவது மருந்தின் நிலையே.

நேயர்களே, இத்துடன் கதை முடிந்ததென்று கூறலாம். ஆனால் அந்த எட்டு நாள் பெட்டியிலிருந்த மருந்துகள் என்ன ஆயின என்று நீங்கள் கேட்பீர்கள். இன்சுலின் புட்டியைச் சில வாரம் வரை அறை வெப்பத்தில் வைத்துப் பயன்படுத்தலாம் என்பது மருத்துவர் அறிந்ததே. ஆகவே பெருந்தீங்கு நேர்ந்திராது. ஆனால் பெட்டியின்மேல் அச்சிட்ட தேதி வரை இம்மருந்து கெடாது என்று கடைக்காரர் இனி உறுதி கூற இயலாது. தடுப்பூசி மருந்தைப் பற்றி அவ்வளவும் சொல்வதற்கில்லை. அவர் யாதொன்றும் பேசாமல் அவற்றையெல்லாம் எடுத்துத் தனியே ஒரு பெட்டியில் கட்டி, விற்பனைக்கன்று என்று எழுதி வைத்தார். அந்த எட்டு நாளில் வாங்கிச் சென்றவர்களுக்குத் தம் பேரேட்டைப் பார்த்து ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து மாற்றுப் புட்டி கொடுத்தார். நட்டம் அவருடையதாயிற்று. பிள்ளையின் தந்தை அந்நட்டத்தில் பங்கு கொடுக்கச் சென்றபோது, "பையன் கற்றுக்கொண்டானா? அது போதும்" என்று சொல்லி மறுத்துவிட்டார். வேற்று மொழிக்காரர் நடுவே வாழும் நமக்கு இத்தகைய அயலார் வாய்ப்பது பெரும்பேறு. அவர்களுடைய நம்பிக்கைக்குத் தகுதியுடையவர்களாக நாம் இருத்தல் வேண்டும்.

இத்தகைய கருவிகளைச் செய்ய முற்படும் இளைஞர்களுக்கு இந்நிகழ்ச்சியிலிருந்து சில சொற்கள் கூறி முடிக்கிறேன். வகுக்கும்போதே, எண் எந்த அளவுகோலால் பிறக்கிறது என்று கேளுங்கள். மேசைமேல் வெற்றி பெற்றதை வெற்றியென்று எண்ணாதீர்கள். முழுச் சுமையோடு, உரிய இடத்தில் சோதியுங்கள். பழுது கண்டபோது கருவியை இரண்டாகப் பகுத்து, குற்றமற்ற பாதியை விடுவியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதை ஏட்டில் எழுதுங்கள். எண் சரியாகிவிட்டது என்பதனால் அமைதி கொள்ளாதீர்கள். காரணம் விளங்கிய பின்னரே கருவியை மூடுங்கள்.

பிள்ளைகளைப் பெற்றோருக்கும் ஒரு சொல். அவர்கள் மேசைமேல் கிடக்கும் கம்பிகளை வீண் விளையாட்டு என்று ஒதுக்க வேண்டாம். "சரியாக வேலை செய்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தவும் வேண்டாம். "சரியென்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, நூறு பாடத்துக்கு ஒப்பாகும்.

அந்த மருந்துக்கடைக்கு இன்று சென்றாலும் சிவந்த எழுத்துகள் ஒளிர்வதைக் காணலாம். அவை சொல்லும் எண் இப்போது மெய்யே. ஆயினும் பெட்டிக்குள், ஒரு குவளை நீரில், கம்பவுண்டருடைய கண்ணாடி வெப்பமானியும் நின்றுகொண்டிருக்கிறது. மாதந்தோறும் முதல் நாள் பிள்ளையே வந்து இரண்டையும் ஒப்பிட்டுக் கையொப்பமிட்டுச் செல்கிறான்.